மாதேவன் கிணற்றில் விழுந்த டம்ளர்

உங்களில் யாரையாவது ஒரு முழு ஊரும் கூடிப் பேசி, சிரித்த முகத்தோடு ஏமாற்றியிருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் இன்னும் நீர்ப்பாசன வேலைக்கு முழுசாக வந்து சேரவில்லை என்று அர்த்தம். என்னை ஏமாற்றியிருக்கிறது. அதுவும் ஒரே பூவில், அதாவது ஒரே நெல் போகத்தில், ஒரே ஊர், மூன்று தடவை. முதல் இரண்டும் என் புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்த பரிசு. மூன்றாவதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அளவெடுக்க, வரைபடம் போட, கணக்குப் பார்க்க எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பக்கமே நான் வரப்போவதில்லை. எதிரே நூறு பேர் நின்றுகொண்டு "என்ன செய்யப் போறீரு?" என்று கேட்கும்போது என்ன செய்வது என்பதுதான் என் விஷயம்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிவிட்டிருந்தன. எங்கள் பக்கம் இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. நான் மராமத்து இலாகாவில் புது ஓவர்சியர். சொந்த ஊர் கடியப்பட்டணம். அப்பா கட்டுமரத்தில் போனவர், அம்மா மீன் விற்றவள். எங்கள் தெருவில் முதன்முதலாக உள்நாட்டில் உத்தியோகம் பார்க்கப் போனவன் நான். என்னைக் கொண்டுபோய் நாஞ்சில் நாட்டின் கிழக்குக் கோடியில், நெல்லைத் தவிர வேறெதையும் மதிக்காத ஆலடியூரில் விட்டார்கள். கடலைப் பற்றிக் கேளுங்கள், சொல்வேன். நாற்றுக்கும் நெல்லுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதல் நாளே வரப்பில் நடந்து, பத்தாவது அடியில் சேற்றில் விழுந்தேன். இரண்டாம் நாள் எட்டாவது அடியில். அதன் பிறகு முடிந்தமட்டும் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கையை வாயருகே குவித்துக் கத்தி வேலை பார்க்கப் பழகிக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை கைவிட்டுவிட்டது. பழையாற்றில் மணல்தான் ஓடியது. ஆற்றிலிருந்து ஊர்க்குளத்துக்கு வரும் கால்வாயில் பையன்கள் கிளியந்தட்டு விளையாடினார்கள். குளத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வயலில் கும்பப்பூ, அதாவது மாசியில் அறுக்கிற நெல், கதிர் தள்ளும் பருவம். இன்னும் இரண்டு நனைப்பு கிடைத்தால் நெல், இல்லையென்றால் வைக்கோல். குளத்தில் இருந்ததோ பாதி வயலுக்குத்தான் காணும்.

ஊரில் கிணறுகள் உண்டு. குளத்தங்கரைக்குக் கீழே, வயல்களுக்கு நடுவில், தென்னைகளின் ஓரத்தில். துலா வைத்து இறைத்துக் கத்திரிக்கும் வெண்டைக்கும் விடுவார்கள், குடிக்கவும் எடுப்பார்கள். கிணற்றுத் தண்ணீரை நெல்லுக்கு விடுவது அங்கே வழக்கமே இல்லை. குளம் ஊருக்கு, கிணறு வீட்டுக்கு. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

கிணறு இல்லாதவர்கள் எல்லாம் கடைமடையில், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருந்தார்கள். அவர்களில் கடைசி வயல் செண்பகவல்லியுடையது. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வயலைப் பார்ப்பது அவள்தான். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த நிலம். முந்தைய போகமான கன்னிப்பூ அவளுக்குச் சாவியாகிப் போயிருந்தது. இதுவும் போனால் நிலத்துக்காரர் பாட்டத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார் என்பது ஊருக்கே தெரியும். அவள் என்னிடம் அழவில்லை, கெஞ்சவில்லை. ரோட்டுக்கே வந்து, "சாரே, எனக்க வயலுக்கு வெள்ளம் வருமா, வராதா? வராதுன்னா இப்பமே சொல்லீருங்க. நான் களை பறிக்க மாட்டேன்" என்றாள். அந்தப் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

"வரும்" என்று சொல்லிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாதவனின் வாய் அது.

சொன்ன பிறகு யோசித்தேன். யோசனையும் வந்தது. கிணறு உள்ளவர்கள் கிணற்றில் இறைத்து நெல்லுக்குப் பாய்ச்சட்டும். குளத்துத் தண்ணீர் கிணறு இல்லாதவர்களுக்கு மட்டும். எவ்வளவு அழகான நியாயம்! எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. திங்கட்கிழமை ஊரில் தண்டோரா போடச் சொன்னேன். "கிணறு உள்ளவங்களுக்குக் குளத்து வெள்ளம் கிடையாது. கிணறு எண்ண ஓவர்சியர் சார் வியாழக்கிழமை வருவாரு!"

இதில் தப்பு எங்கே என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அன்று தெரியவில்லை.

வியாழக்கிழமை போனேன். பழைய பதிவேட்டில் இருபத்து மூன்று கிணறு இருந்தது. ஊரில் ஒன்றுகூட இல்லை. வயலுக்கு நடுவே அங்கங்கே வைக்கோல் படப்பு நின்றது. எந்தப் புத்தியுள்ளவனும் வைக்கோலைக் கொண்டுபோய் ஈர வயலின் நடுவில் அடுக்க மாட்டான். ஒரு படப்புக்குள்ளிருந்து தவளை கத்தியது. ஊர் முதலடி நல்லபெருமாள், ஊருக்குப் பெரியவர், என்னோடு கூடவே வந்தார். "வைக்கோலுக்குள்ள தவளை கத்துதே?" என்றேன். அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "இந்த வருசம் மழை இல்லல்லா சார். பாவம், அதுவ எங்கதான் போவும்?" என்றார்.

இன்னொரு கிணற்றுக்கு மேல் பரண் கட்டி அதில் வாழைத்தாரை அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றின் மேல் மாட்டுவண்டி நின்றது, சக்கரம் இல்லாமல். ஆனால் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் மாதேவன். அறுபது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். தோப்பின் நடுவில் பலகைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் கட்டில், கட்டிலின் மேல் கம்பளி, கம்பளிக்குள் அவர். தலைமாட்டில் பித்தளை டம்ளரில் சுக்குவெள்ளம்.

"என்னாச்சு?" என்றேன்.

"காச்சலு சாரே. குளிருது. வைத்தியர் காத்தோட்டமா கெடக்கச் சொன்னாரு."

"துலா எதுக்கு நிக்குது?"

கட்டிலுக்குப் பக்கத்திலேயே துலாக்கால் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அதை மறைக்க மட்டும் அவருக்கு வழி கிடைக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார், என்னவோ அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோல். "அது கொடிமரம் மாதிரி கெடக்கட்டும்னு விட்டிருக்கேன்" என்றார்.

சொல்லிக்கொண்டே கையை நீட்டியதில் டம்ளர் சாய்ந்தது. உருண்டது. பலகை இடுக்கில் விழுந்து காணாமல் போனது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பக் கீழேயிருந்து, "டொளுக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

மாதேவன் கம்பளியைத் தாடைவரை இழுத்துக்கொண்டு சொன்னார், "எனக்க வயிறாக்கும் சாரே. ரெண்டு நாளா இப்பிடித்தான் கெடந்து சத்தம் போடுது."

நான் அதிகாரி. கோபப்பட வேண்டிய இடம். கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. முதலடி சிரித்தார். கம்பளிக்குள் கட்டில் குலுங்கியது. பதிவேட்டில் "கிணறுகள்: இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்பினேன்.

எனக்கு மேலே இருந்த அதிகாரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. பேச்சில் பாதி மலையாளம். ரொம்பக் குறைவாகத்தான் பேசுவார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எடோ, கிணறு வெச்சிருக்கிறது குற்றம்னு நீ தம்பட்டம் அடிச்சு அறிவிச்சா, குற்றத்தை எவன் வாசல்ல காயப்போடுவான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஃபைலுக்குத் திரும்பிவிட்டார்.

சரி, கிணறு வைத்திருப்பதைப் பெருமையாக்கிவிட்டால் போச்சு என்று நினைத்தேன். இலாகாவில் அப்போதுதான் ஒரு ஆயில் இன்ஜின் பம்பு வந்திருந்தது, மாட்டுவண்டியில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம். மறுபடியும் தண்டோரா. "கிணறு உள்ளவங்க வயலுக்கு சர்க்கார் இன்ஜின் வந்து இறைச்சுத் தரும்!"

அடுத்த நாள் போய்ப் பார்க்கிறேன், நாற்பத்தோரு கிணறு. வைக்கோல் படப்பெல்லாம் மாயமாகிவிட்டது. மாதேவனுக்குக் காய்ச்சல் விட்டு, கிணற்றடியைச் சாணம் தெளித்து மெழுகிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் இருந்த இருபத்து மூன்றும் சுத்தமாக வரிசையில் நின்றன. மிச்சப் பதினெட்டு? தென்னம்பிள்ளை வைக்கத் தோண்டிய குழி, சுண்ணாம்பு நீற்றுகிற குழி, எருக்குழி. ஒரு வீட்டம்மா நாலு குடம் தண்ணீரைக் குழியில் கொட்டிவிட்டு, ஈரக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"இது எப்பம் தோண்டுன கெணறு?"

"எங்க மாமனாருக்க காலத்துல சார்."

"வெள்ளம் எப்பம் ஊறிச்சு?"

"இப்பந்தான்" என்றாள். அதில் பொய் இல்லை.

இது இரண்டாவது தடவை. ஆனால் இந்தத் தடவை நான் தோற்கவில்லை என்று நினைத்தேன். உண்மையான கிணறுகள் கைக்கு வந்துவிட்டன அல்லவா? கடைமடைக்கு வேண்டிய நாளில் திறக்கலாம் என்று குளத்து மடையை இறுக்கி அடைத்தேன். குளம் முழுவதும் கடைமடைக்கு, முக்கியமாக அந்தக் கடைசி வயலுக்கு. கிணற்று வயல்களுக்கு இன்ஜின். எல்லாம் சரியாக இருந்தது, காகிதத்தில்.

இன்ஜின் வந்த வாரம் ஆலடியூரில் திருவிழாதான், வேறு சொல் இல்லை. அது "டப் டப் டப்" என்று புகைவிட்டுத் தண்ணீரை அள்ளி எறிந்தபோது, வயசானவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் நின்றார்கள். துலாவில் நாள் முழுக்க இறைக்க வேண்டியதை அது காலைக் கஞ்சிக்குள் முடித்தது. சந்தைக்குப் போகிறவர்கள்கூட வழியை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். சாமந்தி மாலை. கழுத்து அரித்தது, கழற்ற மனம் வரவில்லை. வரிசைப்படி கிணறு கிணறாக இன்ஜின் நகர்ந்தது. குளத்தங்கரையை ஒட்டினாற்போல் இருந்த கிணறுகள் மட்டும் எவ்வளவு இறைத்தாலும் வற்றவில்லை. அதனால் எல்லாரும் அங்கேயே இன்ஜினைப் போடச் சொல்லி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோனார்கள். "சாருக்குக் கைராசி" என்றார் முதலடி. நானும் நம்பினேன்.

ஏழாவது நாள் செண்பகவல்லி வந்தாள். இன்ஜின் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கரைமேல் கூட்டிக்கொண்டு போனாள். படித்துறையைக் காட்டினாள்.

"மடை அடைச்சிருக்கா?"

"அடைச்சாச்சு. நானே பாத்தேன்."

"பொறவு எப்பிடி சாரே வெள்ளம் நாலு படி எறங்கிச்சு? வெயில் குடிச்சா ஒரு படி குடிக்கும். பாக்கி மூணு படி எங்க போச்சு?"

நான் படியைப் பார்த்தேன். இன்ஜினைப் பார்த்தேன். வற்றாத கிணறுகளைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. கரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் கிணற்றில் உறிஞ்சிய தண்ணீர், கரைக்கு அந்தப் பக்கம் குளத்திலிருந்து மண்ணுக்குள் புகுந்து வந்திருக்கிறது. முன்வாசலில் பூட்டைப் போட்டுவிட்டுப் பின்வாசலில் நானே நின்று வாரிக் கொடுத்திருக்கிறேன், கழுத்தில் மாலையோடு. அவளுடைய வயலுக்கு வைத்த தண்ணீரை அவள் கண் முன்னால்.

இன்னும் ஒன்று. மடையின் அடிக்கல்லுக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால், குளத்தில் எவ்வளவு கிடந்தாலும் மடை வழியாக ஒரு சொட்டும் வெளியே வராது. அந்தக் கல்லுக்கு மேலே அப்போது முழங்கால் அளவுதான் இருந்தது.

ஓடினேன். இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். "ஏன் சார்? ஏன்?" என்று கூட்டம் கூடியது. அடுத்த முறைக்காரன் "எனக்க வயலுக்கு மட்டும் ஒரு மணிக்கூரு" என்று இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்தான். நான் அதைப் பிடுங்கினேன். அவன் திரும்பப் பிடுங்க வந்தான். என்ன செய்கிறேன் என்று தெரியாமல், சின்ன வயசில் வலைக்குண்டை எறிகிற மாதிரி, கரைக்கு மேலாகச் சுழற்றிக் குளத்துக்குள் எறிந்துவிட்டேன்.

சர்க்கார் சொத்து. நல்ல கனம். "டொளுக்."

பின்னாலிருந்து மாதேவனின் குரல் கேட்டது, "இது சாருக்க வயிறு." எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, அந்த ஒரு சிரிப்பு இல்லாமலிருந்தால் என்னையும் கைப்பிடிக்குப் பின்னாலேயே எறிந்திருப்பார்கள். ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்குக் கிடைக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். அதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நெல் தெரியாது, ஆனால் மணலில் ஊறும் தண்ணீர் தெரியும். கடியப்பட்டணத்தில் கடலுக்கு இருபதடி இந்தப் பக்கம் மணலில் குழி தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் நல்ல தண்ணீரை அள்ளித்தான் என் அம்மா குடம் நிறைப்பாள். பைய அள்ளினால் இனிக்கும். அவசரப்பட்டு அள்ளினால் பக்கத்துக் குழிக்காரி சண்டைக்கு வருவாள், அவளுடைய குழி இறங்கிவிடும்.

எல்லாரையும் குளத்துக்குள் ஈர மணலுக்குக் கூட்டிப்போனேன். முழங்கை ஆழத்தில் பக்கம் பக்கமாக இரண்டு குழி தோண்டினேன். இரண்டிலும் தண்ணீர் ஊறி நின்றது. ஒன்றின் ஓரத்தில் மாதேவனை உட்காரவைத்துக் கையில் சிரட்டையைக் கொடுத்தேன். இன்னொன்றின் ஓரத்தில் முதலடியை உட்காரவைத்து, "நீங்க தொடாண்டாம், பாத்துக்கிட்டு மட்டும் இருங்க" என்றேன். மாதேவன் பந்தயம் என்று நினைத்துவிட்டார். வாரி வாரி இறைத்தார், தண்ணீர் முதலடியின் மீசையில் தெறித்தது. முதலடி துடைக்கவில்லை. தன் குழியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குது" என்றார். பிறகு எழுந்து நின்று, "லேய், நான் தொடல்ல, எனக்குள்ளது எறங்குது!" என்று கத்தினார்.

அரைமணி நேரம் அவரே ஊருக்கு விளக்கினார். என்னைவிட அழகாகச் சொன்னார். அதன் பிறகுதான் நான் முடிவைச் சொன்னேன். மடைக்கல்லுக்கு மேலே உள்ள தண்ணீர் கிணறு இல்லாதவர்களுக்கு, இன்றைக்கே மடையைத் திறக்கிறோம். கல்லுக்குக் கீழே கிடப்பது கிணறு உள்ளவர்களுக்கு. அது மடை வழியாக வராது, மண் வழியாகக் கிணற்றுக்குத்தான் வரும். இன்ஜின் வேண்டாம், துலா போதும். ஒருநாள் பாதிக் கிணறு, மறுநாள் மீதி.

"மடையத் தொறந்து குளம் எறங்குன பொறவு எங்க கெணறு வத்திச்சுன்னா?" என்று முதலடி கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வற்றாது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆராய்ச்சி செய்ய நேரமில்லை, கதிர் காத்திருக்காது.

"வத்திச்சுன்னா இந்த வேலைய விட்டுட்டு கட்டுமரத்துக்குப் போறேன்" என்றேன்.

"அய்யோ பாவம்" என்றாள் செண்பகவல்லி, "கட்டுமரம்." ஊர் மறுபடியும் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே மடை திறந்தது.

மேலதிகாரிக்குக் கைப்பிடி பற்றி இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார், "கைப்பிடி கிடைத்ததா, கிணறு கிடைத்ததா?" இரண்டும் கிடைத்தன. கைப்பிடியைத் தேடிச் சேற்றில் மூன்று நாள் துழாவியவர்களில் நானும் ஒருவன்.

கிணறுகள் எப்படி இருக்கின்றன என்று தினமும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு குறி வேண்டுமே? மாதேவனே சொன்னார், "எனக்க டம்ளர் அடியில கெடக்குல்லா சாரே. அது கண்ணுக்குத் தெரிஞ்சா கெணறு வத்தப் போவுதுன்னு அர்த்தம்." அதையே சட்டமாக்கினோம். டம்ளர் தெரிந்தால் அந்தப் பக்கத்துக் கிணறு எல்லாவற்றிலும் இறைப்பை நிறுத்திவிட வேண்டும். குடிக்கத் தண்ணீர் மிஞ்ச வேண்டும் அல்லவா?

கடைமடை ஒருமுறை நனைந்தது. அதோடு மடைக்கல் வெளியே தெரிந்துவிட்டது. இரண்டாவது நனைப்புக்கு வைத்திருந்ததைத்தான் நானும் என் இன்ஜினும் குடித்துவிட்டிருந்தோமே. மற்றவர்கள் ஒருவழியாகத் தப்பித்தார்கள், அவர்களுடைய நெல் முன்னால் நட்டது. செண்பகவல்லியின் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் ஒருமுறை வேண்டும். ஊரைக் கூட்டி, என் தப்பு இது என்று சொல்லி, யாராவது கிணற்றுத் தண்ணீர் தர முடியுமா என்று கேட்டேன். யாரும் முன்வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் கிணறு அவரவர் வயலுக்கே இழுத்துப் பறித்துத்தான் போதுமானதாக இருந்தது. செண்பகவல்லி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போகப் பார்த்தாள்.

"எனக்க தோப்பு வழியாத்தானே அவளுக்க வாய்க்கா போவுது" என்றார் மாதேவன். "நான் எறைச்சு விடுதேன். ரெண்டு நாளு காணும்."

"டம்ளர் தெரிஞ்சா நிறுத்தணும்" என்றேன்.

"தெரிஞ்சா நிறுத்தீருவேன்."

ஐந்து நாள் ஆனது. தினமும் காலையில் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக் கத்துவேன், "மாமா, டம்ளர் தெரியுதா?"

தோப்புக்குள்ளிருந்து பதில் வரும், "கெணத்துல தெரியல்ல சாரே!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து நாள் இறைத்தும் வற்றாத கிணறு! என் திட்டம்தான் காரணம் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன், அடிக்கோடும் போட்டேன். நாலாம் நாள் அவர் தோளில் குடத்தோடு ரோட்டில் வந்தார், கரையோரக் கிணற்றிலிருந்து. "என்ன, இவ்வளவு தூரம்?" என்றேன். "கால் மரத்துப் போவுது சாரே. நடக்கச் சொல்லியிருக்கு" என்றார். அந்த வைத்தியர் இன்னும் உயிரோடிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

மாசியில் அறுத்தார்கள். ஊர் முழுவதும் நெல். வழக்கத்தைவிடக் குறைவு, ஆனால் நெல். கடைசியாக அறுத்தது செண்பகவல்லியின் வயல். களத்தில் சூடடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பிள்ளைகள் வைக்கோலில் புரண்டு உடம்பெல்லாம் அரித்து நின்றார்கள். பாட்டம் அவளிடமே இருக்கும் என்று நிலத்துக்காரர் களத்திலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் எனக்கு மோர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் கையில் இருந்ததைப் பார்த்தேன். பித்தளை டம்ளர். விளிம்பில் புதிதாக ஒரு நெளிவு.

"இது யாருக்க டம்ளர்?"

"மாமாவுக்குள்ளது. கெணத்துல கெடந்துச்சுல்லா?"

"எப்பம் எடுத்தது?"

"எனக்கு எறைக்கத் தொடங்குன ரெண்டாம் நாளே" என்றாள். "வயல்ல நின்ன எனக்குக் கஞ்சிவெள்ளம் தந்ததே இதுலதான்."

மாதேவன் நெல் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் முன்னால் டம்ளரை நீட்டினேன். அவர் அதை ஏதோ அபூர்வப் பொருள்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீரு என்ன கேட்டேரு சாரே? டம்ளர் தெரியுதான்னு. நான் என்ன சொன்னேன்? கெணத்துல தெரியல்லன்னேன். அது அடுக்களையிலல்லா இருந்துது."

சிரித்தேன். களமே சிரித்தது. முதலடி சூட்டுக் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஆனால் எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அன்றைக்கு, அவர் அவளுக்கு இறைக்கத் தொடங்கிய பிறகு முதல் தடவையாக, சைக்கிளை விட்டுவிட்டு வரப்பில் நடந்து அவருடைய கிணற்றுக்குப் போனேன். இரண்டு தடவை விழுந்தேன். எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் இல்லை, வெறும் களிமண். அதில் இறங்கி நின்ற மனிதனின் கால்தடங்கள். நடுவில் கையால் பறித்த முழங்கை ஆழக் குழி ஒன்று. துலா வாளி முங்காமல் போன பிறகு, அறுபது வயதுக்காரர் உள்ளே இறங்கி உட்கார்ந்து, ஊறுவதை ஊற ஊற அள்ளி வாளியில் ஊற்றி, மேலே துலாவில் நின்ற யாருக்கோ அனுப்பியிருக்கிறார். அள்ளியதும் அங்கேயே கிடந்தது. நான் குளத்து மணலில் அவர் கையில் கொடுத்த அதே சிரட்டை.

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் சேற்றோடு, சிரிப்பும் அழுகையுமாக நின்றேன். ரிப்போர்ட்டில் அடிக்கோடு போட்ட அந்த வரியை அன்றே அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை, இன்றுவரை.

நீங்கள் கிணறு பார்க்கப் போகும்போது ரோட்டில் நின்று கத்தாதீர்கள். விழுந்தாலும் பரவாயில்லை, வரப்பில் நடந்து போய் எட்டிப் பாருங்கள்.